மேகமலையில் நலவாழ்வும் மூன்று எல்லைகளும்: தோட்டம், வனம், மாநிலம்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டத்தின் மேகமலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளையும் அவற்றின் அடிவாரமாகிய கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு, பொதுக்கொள்கையும் வாழிடச் சூழலும் மக்களின் நலவாழ்வை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இப்பகுதியில் மருத்துவ உரிமை ஆளோடு இணைக்கப்படாமல் அவர் செய்யும் வேலையோடும், அவர் குடியிருக்கும் நிலத்தின் வகைப்பாட்டோடும், அவர் நிற்கும் மாநிலத்தோடும் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றுள் ஏதேனும் ஒன்று மாறும்போது உரிமையும் அற்றுப்போகிறது. தோட்டம், வனம், மாநிலம் என்னும் மூன்று எல்லைகளும் நலவாழ்வு ஏற்றத்தாழ்வை உருவாக்கும் முறை சட்டங்களின் துணைகொண்டு ஆராயப்படுகிறது. வாழும் ஆளையும் பயண நேரத்தையும் அடிப்படையாகக் கொண்ட திட்டமிடலின் தேவை முடிவாக எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மேகமலை, கம்பம் பள்ளத்தாக்கு, தோட்டத் தொழிலாளர், நலவாழ்வின் சமூகக் காரணிகள், வன உரிமை, எல்லைப்புறத் தொழிலாளர்

1. முன்னுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் உறுப்புகளாகக் கொள்கிறது. நோய்க்கான காரணத்தை அறிந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தாகும். அக்காரணம் உடலுக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதை நவீனப் பொதுநலவாழ்வியல் வலியுறுத்தி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த நலவாழ்வின் சமூகக் காரணிகளுக்கான ஆணையம் 2008இல் அளித்த அறிக்கை, மக்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதுமையடையும் சூழல்களே நலவாழ்வு ஏற்றத்தாழ்வின் வேர் என்றது. அச்சூழல்களை உருவாக்குவதில் அரசின் கொள்கைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, தெற்கு வேல்ஸின் கிளின்கோரக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், 1971இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' எனத் தமிழில் குறிக்கத்தக்க கருத்தை முன்வைத்தார். மருத்துவத் தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகவும், தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ஒரே தொழிலை நம்பிய, மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஓர் ஊரில் பணியாற்றியவரின் கருத்து அது. அத்தகைய இன்னொரு நிலப்பகுதியான மேகமலைக்கு அவ்விதி எவ்வாறு பொருந்துகிறது, அங்கு எந்தச் சட்டங்களின் வழியே அது செயல்படுகிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலமும் குடியிருப்பும்

பச்சைக்கூமாச்சி என்று மக்களால் வழங்கப்பட்ட மேகமலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டுப் பகுதியைச் சார்ந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் அமைந்துள்ளன. ஆங்கிலேயர் இட்ட 'ஹை வேவி' என்னும் பெயரே 'ஹைவேவிஸ்' என்று மருவி இன்று பேரூராட்சியின் பெயராக நிலைபெற்றுள்ளது. ஹைவேவிஸ், மேகமலை, மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு ஆகிய குடியிருப்புகளில் சில ஆயிரம் பேர் வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர்.

அடிவாரத்தின் சின்னமனூரிலிருந்து தென்பழனி வனச் சோதனைச்சாவடியைக் கடந்து, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தோட்டங்களை அடையலாம். மருத்துவமனை, கல்லூரி, வங்கி, நீதிமன்றம் ஆகியவற்றுக்கு மக்கள் கீழே இறங்க வேண்டும். மாவட்டத்தின் உயர்நிலை மருத்துவமனையான தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 2004இல் கல்லூரி தொடங்கப்பட்ட க.விலக்கில் உள்ளது. அதாவது மலையிறங்கிச் சின்னமனூரை அடைந்த பின்னரும் தேனியைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

இம்மலையின் வளம் நாள்தோறும் கீழ்நோக்கிச் செல்கிறது. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு முதலிய நீர்த்தேக்கங்களின் நீர் சுருளியாறு நீர்மின் நிலையத்தை இயக்குகிறது. கொழுந்து தேயிலையாகிச் சந்தைக்குப் போகிறது. காடு பிடித்துவைக்கும் மழை வைகைப் படுகைக்குப் பயன்படுகிறது. மலைவளத்தின் பயன் கீழே சென்று சேர, அவ்வளத்தைக் காப்பதற்கான கட்டுப்பாடுகளின் சுமை மேலே வாழ்வோரிடம் தங்கிவிடுகிறது. மேகமலையின் நலவாழ்வுச் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்த ஓட்டத்தைக் கருத்தில் கொள்வது இன்றியமையாதது.

3. முதல் எல்லை: தோட்டம்

3.1 வேலையோடு பிணைந்த உரிமை

தமிழ் இலக்கியம் தோட்டத்தையும் நோயையும் நெடுங்காலமாக இணைத்தே பேசி வந்துள்ளது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த 'எரியும் பனிக்காடு' ஆகியன இதற்குத் தக்க சான்றுகள். ஆள் சேர்ப்பு முறை, கடன், குடியிருப்பு, பசி ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே நோய் இப்படைப்புகளில் இடம்பெறுகிறது.

இந்நிலையை மாற்ற விடுதலை பெற்ற இந்தியா எடுத்த முதன்மையான முயற்சி தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 ஆகும். குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குடியிருப்பு, பிள்ளைகளுக்கான கல்வி வசதி, பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை ஏற்படுத்தித் தரும் பொறுப்பை அச்சட்டம் தோட்ட உரிமையாளரிடம் ஒப்படைத்தது. தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மருத்துவ வசதி அளிக்கப்பட வேண்டும். உரிமையாளர் தவறினால், தலைமை ஆய்வாளரே வசதியை ஏற்படுத்தி அதன் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் சட்டம் வழிசெய்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் பணிபுரியும் தோட்டங்களிலும், பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபதுக்குக் குறையாத தோட்டங்களிலும் பிள்ளைக் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது.

அக்காலத்தில் இது முற்போக்கான சட்டமே. அரசு மருத்துவமனைகள் எட்டாத மலைகளில் தொழிலாளர்க்கு மருத்துவரும் பேறுகால உதவியும் கிடைக்க அது வழிவகுத்தது. ஆயினும் அதன் கட்டமைப்பிலேயே ஒரு வரம்பும் அமைந்திருந்தது. அரசு செய்ய வேண்டியதைத் தோட்டம் செய்ததால், தோட்டத்தின் எல்லைக்குள் அரசு தன் மருத்துவ அமைப்பை விரிக்கும் தேவை குறைந்தது. மக்களின் நலவாழ்வு நிறுவனத்தின் வரவு செலவோடு பிணைக்கப்பட்டது. தேயிலையின் விலை வீழும்போது மருத்துவச் செலவும் குறைக்கத்தக்க செலவினங்களுள் ஒன்றாகிவிடுகிறது. மலையடி ஊர்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் சந்தை விலையைப் பொறுத்து இயங்குவதில்லை. தோட்ட மருத்துவமனைக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

3.2 ஓய்வுபெற்றவரின் நிலை

வேலையோடு பிணைந்த உரிமையின் குறைபாடு, வேலை முடியும் நாளில் தெளிவாகப் புலப்படுகிறது. ஒரு பெண் தம் இளமையில் கொழுந்து பறிக்கத் தொடங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கிறார் எனக் கொள்வோம். சரிவில் சுமையோடு நிற்பதால் முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. குளிரும் மழையும் விறகடுப்புப் புகையும் மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன. இவற்றின் விளைவு பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல்தான் முழுமையாக வெளிப்படுகிறது. அதே காலத்தில் பணி ஓய்வும் வருகிறது. குடும்பத்தில் வேறு எவரும் தோட்டப் பணியில் இல்லையெனில் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டோடு தோட்ட மருத்துவமனை மீதான உரிமையும் போய்விடுகிறது. மருத்துவத் தேவை உச்சத்தை எட்டும் வயதில் மருத்துவ உரிமை நீங்குகிறது. டியூடர் ஹார்ட் கூறிய தலைகீழ் விதி, இங்கு ஊர்களுக்கு இடையே மட்டுமன்றி ஒரே ஆளின் வாழ்நாளுக்குள்ளும் செயல்படுகிறது.

தனிமனிதருக்கு நேரும் இது ஒரு தோட்டம் முழுமைக்கும் நேர்வதற்குச் சான்று திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் தொடங்கி 99 ஆண்டுகளுக்குப் பெறப்பட்ட குத்தகை 2028இல் முடிவடைய வேண்டும். அதற்கு முன்பே 2024இல் நிறுவனம் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வை அறிவித்தது. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்களுக்கு வேலை, வீடு, மருத்துவ வசதி ஆகிய மூன்றும் ஒருசேரக் கேள்விக்குறியாயின. மேகமலையின் நில உரிமை வரலாறு வேறு. எனினும் வேலையோடு வாழ்வின் பிற உரிமைகள் பிணைக்கப்பட்டிருக்கும் முறை ஒன்றே.

3.3 வீடும் ஆபத்தும்

தொழிலாளர் எங்கே வாழ வேண்டும் என்பதைத் தோட்டம் தீர்மானிக்கிறது. அதனால் சுற்றுச்சூழல் ஆபத்தும் கொள்கையின் விளைவாகிறது. இடுக்கி மாவட்டம் மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிகழ்ந்த நிலச்சரிவில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு வரிசைகள் புதையுண்டன. 70 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தகவல் தொடர்பு அற்றுப்போயிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. மழை இயற்கையுடையது. சரிவின் அடியில் வீட்டு வரிசை அமைந்ததும், அங்கிருந்து செய்தி வெளிவர ஓர் இரவு ஆனதும் மனித முடிவுகளின் விளைவுகள்.

தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவுகள், தோட்ட வீடு இடிந்து விழுந்து நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உரிமையாளரைப் பொறுப்பாக்கின. குடியிருப்பவரின் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டும் நேர்ந்த இடிபாடுகளுக்கு அதில் விலக்கு இருந்தது. மலைச்சரிவில் எது முற்றிலும் இயற்கைச் சீற்றம், எது இடத்தேர்வின் பிழை என்று பிரிப்பது எளிதன்று. அந்தத் தெளிவின்மையின் சுமை, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத தொழிலாளர்மீது விழுகிறது.

4. இரண்டாம் எல்லை: வனம்

4.1 காப்பகத்துக்குள் அமைந்த ஊர்

திருவில்லிபுத்தூர் நரை அணில் சரணாலயத்தையும் மேகமலை வனவிலங்குச் சரணாலயத்தையும் இணைத்து, சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதற்கு இது தேவையான முடிவே. வனப் பாதுகாப்பும் மக்கள் நலனும் இயல்பிலேயே பகையுடையவை என்று கொள்வது பிழை. காடு அழிந்தால் முதலில் இழப்பவர்களும் மலைமக்களே. ஆராய வேண்டியது, பாதுகாப்பின் செலவு யாரால் ஏற்கப்படுகிறது என்பதாகும்.

சாலையை அகலப்படுத்தவும் கைப்பேசிக் கோபுரம் நிறுவவும் கட்டடம் எழுப்பவும் வனத்துறையின் இசைவு தேவைப்படுகிறது. இருட்டிய பின் வனச்சாலையில் பயணம் கட்டுப்படுத்தப்படுகிறது. யானையும் காட்டுமாடும் நடமாடும் பாதையில் அதிகாலையில் வேலைக்கு நடப்பது அன்றாட அச்சமாகிறது. 2023இல் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மே மாதத்தில் மேகமலைக்கு வந்தது. சுற்றுலாப் பயணிகள் மலைக்கு வரத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஒரு மாநிலத்தில் எடுக்கப்பட்ட வன மேலாண்மை முடிவின் விளைவை மற்றொரு மாநிலத்து மலைமக்கள் எதிர்கொண்டனர். சுற்றுலாப் பயணிகள் வராமல் இருந்துவிடலாம். தொழிலாளர்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

மருத்துவ நோக்கில் இக்கட்டுப்பாடுகளை நேரக் கணக்காக அளவிட வேண்டும். பேற்றுக்குப் பின் நேரும் மிகை இரத்தப்போக்கைத் தடுக்காவிடில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிரிழப்பு நேரலாம் என்பது மகப்பேற்று மருத்துவத்தின் பொதுப் பாடம். மூளையில் இரத்தக்கட்டி அடைப்பு ஏற்பட்டவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறத்தாழ நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வாகனம் வர ஆகும் நேரம், வளைவுகளில் இறங்கும் நேரம், அடிவாரத்திலிருந்து உயர்சிகிச்சை மையத்துக்குச் செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால், பள்ளத்தாக்கில் பிழைக்கக்கூடிய ஒரு நோயாளி மலையில் பிழைக்காமல் போவதன் காரணம் விளங்கும். குறளின் நான்கு உறுப்புகளோடு சாலையும் இங்கு மருத்துவத்தின் உறுப்பாகிறது.

4.2 ஆவணத்தில் நகரம்

மேகமலைக் குடியிருப்புகளின் தனித்தன்மை, அவை ஹைவேவிஸ் பேரூராட்சியின் கீழ் வருவதாகும். தமிழ்நாட்டின் நிர்வாக வகைப்பாட்டில் பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு. யானை நடமாடும் காட்டுக்கு நடுவே அமைந்த லைன் வீடுகள் ஆவணத்தில் நகர்ப்புறமாகின்றன. பெயரளவில் தோன்றும் இவ்வேறுபாடு உண்மையான பொருளியல் விளைவுகளை உடையது.

முதலாவது, 2005இல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியதாக அமைந்தது. அடிவாரத்து ஊராட்சிகளில் முதிய பெண்களுக்குச் சிறு வருவாய்க்கும் மருந்துச் செலவுக்கும் துணைநின்ற 'நூறு நாள் வேலை', மலையிலுள்ள ஓய்வுபெற்ற தொழிலாளிக்குக் கிட்டவில்லை. இரண்டாவது, ஊரகக் குடிநீருக்கும் ஊரக வீட்டுவசதிக்கும் உரிய நடுவண் அரசுத் திட்டங்களும் இத்தகைய இடங்களைத் தாண்டிச் செல்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2004இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக வகைமாற்றியதற்கு இத்தகைய நிதியைப் பெறுவதே நோக்கமாக இருந்தது. 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன. வகைப்பாடு நிதியின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பதை அரசே உணர்ந்திருந்ததற்கு இது சான்று.

மூன்றாவது விளைவு வன உரிமை சார்ந்தது. வன உரிமைச் சட்டம், 2006இன் பிரிவு 3(2), மருந்தகம், அங்கன்வாடி, பள்ளி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய், சாலை முதலிய வசதிகளுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க இடமளிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பன அதற்குரிய வரம்புகள். வனத்துக்கும் மருத்துவத்துக்கும் இடையே சமநிலை காணும் அரிய ஏற்பாடு இது. ஆனால் கிராம சபை ஊராட்சிக்குரிய அமைப்பு. பேரூராட்சியில் வாழ்வோர் எந்தச் சபையைக் கூட்டி மருந்தகம் கேட்பது என்ற சிக்கல் எழுகிறது. வருசநாட்டு, மேகமலைக் காடுகளைச் சார்ந்து வாழும் பளியர் முதலிய பழங்குடியினர்க்கும் இச்சட்டமே மருத்துவம், சாலை ஆகியவற்றுக்கான வாயில் என்பதால், இச்சிக்கலின் பரப்பு தோட்டத்தைத் தாண்டியும் விரிகிறது.

5. மூன்றாம் எல்லை: மாநிலம்

மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கினால் வேறொரு எல்லை எதிர்ப்படுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி வட்டாரங்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் நாள்தோறும் செல்கின்றனர். அவர்களுள் பெண்களே மிகுதி. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வகுக்கப்பட்ட எல்லையை அவர்கள் ஒவ்வொரு நாளும் இருமுறை கடக்கின்றனர். உழைப்பு ஒரு மாநிலத்திலும், உறக்கமும் நோயும் மற்றொரு மாநிலத்திலும் நிகழ்கின்றன.

தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகியவற்றோடு ஏலத்தையும் உள்ளடக்கியது. ஆயினும் ஐந்து ஹெக்டேர் பரப்பும் பதினைந்து தொழிலாளரும் என்னும் அளவையை எட்டிய தோட்டங்களுக்கே அது பொருந்தியது. ஏலத்தோட்டங்களுள் பெரும்பாலானவை சிறு நிலங்கள் என்பதால், அவற்றில் உழைப்போர் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர். மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம், 1979 ஒப்பந்ததாரர் வழியாகப் பணியமர்த்தப்பட்டு வேறு மாநிலத்தில் தங்குவோரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. காலையில் சென்று மாலையில் திரும்புவோர் அதன் பார்வையில் எளிதில் படவில்லை.

இதனால் நலவாழ்வுச் செலவு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுகிறது. ஏலக்காய் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர். அதன் தாக்கம் தோலிலும் மூச்சிலும் வெளிப்படும்போது தொழிலாளி கம்பத்திலோ போடியிலோ உள்ள மருத்துவரை நாடுகிறார். நோயின் காரணம் இடுக்கியிலும் நோய்ப்பதிவு தேனியிலும் இருப்பதால், இரண்டையும் இணைக்கும் தொழில்சார் நோய்க் கணக்கு உருவாவதில்லை. தாய் விடியுமுன் புறப்படுவதால் கைக்குழந்தை பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ விடப்படுகிறது. வேலையிடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைக் காப்பகத்தின் பணியை வீட்டார் ஊதியமின்றிச் செய்கின்றனர்.

இவ்வெல்லை திடீரென மூடப்பட்டபோது நேர்ந்ததை 2020 மார்ச் மாத நிகழ்வு காட்டுகிறது. கொரோனா ஊரடங்கால் போக்குவரத்து நின்றதும், இடுக்கியிலிருந்து போடி அருகேயுள்ள இராசிங்கபுரத்துக்குத் தொழிலாளர் சிலர் காட்டுப்பாதை வழியே நடந்து திரும்பினர். கோடையில் காய்ந்திருந்த காட்டில் பரவிய தீயில் சிக்கி, ஒரு குழந்தை உட்பட அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். நோயைத் தடுக்கும் நோக்கிலான கொள்கையும், கோடைக்காட்டின் சூழலும், எல்லை தாண்டி வேலை தேட வேண்டிய வறுமையும் ஒரே இடத்தில் ஒன்றுகூடின. ஊரடங்கு அனைவர்க்கும் பொதுவாக அறிவிக்கப்பட்டது. அதன் ஆபத்து அனைவர்க்கும் பொதுவாக அமையவில்லை.

6. சராசரி மறைக்கும் வேறுபாடு

நலவாழ்வில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னணி மாநிலங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச்சுகாதாரச் சட்டம், 1980களில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2008 முதல் இயங்கும் 108 அவசர ஊர்தி, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2018-20 காலத்தில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது.

இச்சராசரிகளின் வெற்றியே சில இடங்களின் நிலையை மறைக்கவும் செய்கிறது. குடும்ப நல ஆய்வு மாவட்ட அளவு வரை விவரம் தருகிறது. தேனி மாவட்டம் என்னும் ஒற்றை அலகுக்குள் நீர்வளமிக்க பள்ளத்தாக்கின் நகரங்களும், மானாவாரி நிலத்து ஊர்களும், மலைத்தோட்டக் குடியிருப்புகளும் அடங்கிவிடுகின்றன. சில ஆயிரம் மக்களின் துன்பம் மாவட்டச் சராசரியை அசைக்காது. அசைக்காததால் திட்டமிடுவோரின் கண்ணுக்கும் அது தென்படாது.

மருத்துவ நிலையங்களை அமைக்கும் மக்கள்தொகை அளவையிலும் இச்சிக்கல் உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவை. துணை சுகாதார நிலையத்துக்கு இது முறையே 5,000, 3,000 என அமைகிறது. மலைக்கு அளிக்கப்பட்ட சலுகையும் தலைகளின் எண்ணிக்கையை அடியொற்றியதே. சில ஆயிரம் பேர் பல குடியிருப்புகளில் சிதறி வாழும் மேகமலைக்கு, இந்த அளவையின்படி துணை சுகாதார நிலையங்களுக்கு மேல் உரிமை கோர இயலாது. குறைந்த மக்கள்தொகையும் நெடுந்தொலைவும் ஒன்றுசேரும் இடத்தில் அளவையே ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது.

7. செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு வழிகள் புலப்படுகின்றன.

முதலாவதாக, மக்கள்தொகையோடு பயண நேரத்தையும் அளவையாகக் கொள்ள வேண்டும். தெரிவுசெய்யப்பட்ட மலை, பாலைவன மாவட்டங்களில் குடியிருப்பிலிருந்து 30 நிமிட நடைதொலைவுக்குள் துணை சுகாதார நிலையம் என்னும் அளவையைத் தேசிய நலவாழ்வு இயக்கம் ஏற்கெனவே ஏற்றுள்ளது. தமிழ்நாட்டில் மலை, பழங்குடிப் பகுதிக் கர்ப்பிணிகளுக்காக ஏற்படுத்தப்பட்டுள்ள பேறுகாலக் காத்திருப்பு அறைகளும் தொலைவை நோயின் ஒரு கூறாக உணர்ந்த திட்டத்துக்குச் சான்று. பேற்றுக்குச் சில நாள் முன்பே தாய் மருத்துவ நிலையத்துக்கு வந்துவிட்டால், வளைவுகளும் இரவும் தடையாவதில்லை. இந்த அணுகுமுறையை மகப்பேற்றுக்கு அப்பால் முதியோர்க்கும் நாட்பட்ட நோயாளிகளுக்கும் விரிவாக்கலாம்.

இரண்டாவதாக, மருத்துவ உரிமை வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு வாழ்விடத்தோடு இணைக்கப்பட வேண்டும். தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் தன்னுள் அடக்கிய பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, 2020 கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தோட்டத்திலேயே மருத்துவ வசதி அளிப்பதற்கு மாற்றாகத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்க்கவும் அது இடமளிக்கிறது. காப்பீடு பெறுவது நன்மையே. ஆனால் அட்டை கையிலும் மருத்துவமனை மலையடியிலும் இருந்தால், பெயரளவிலான உரிமை கூடி, கைக்கெட்டும் மருத்துவம் குறைந்துவிடும். காப்பீட்டுக்கு மாறும் தோட்டங்களில் மலைமேல் மருத்துவ நிலையம் இருப்பதை முன்நிபந்தனையாக்குவதும், ஓய்வுபெற்றோரை அதில் இணைப்பதும் மாநில விதிகளில் இடம்பெற வேண்டியவை.

மூன்றாவதாக, வனப்பகுதிக்குள் அமைந்த பேரூராட்சிகளைத் தனி வகையாகக் கருத வேண்டும். ஊரகத் திட்டங்களின் பயன் அவற்றுக்குக் கிடைக்கவும், வன உரிமைச் சட்டத்தின் நோக்கத்துக்கென வார்டு அல்லது குடியிருப்பு அளவிலான சபைகளை அங்கீகரிக்கவும் வழிகாண வேண்டும். அவசர ஊர்திகளுக்கு இரவிலும் தடையற்ற பாதை, சோதனைச்சாவடியோடு இணைந்த தகவல் தொடர்பு ஆகியன புதிய வனநிலம் எதனையும் கோராத ஏற்பாடுகள்.

நான்காவதாக, தேனி, இடுக்கி மாவட்டங்களுக்கிடையே எல்லைப்புறத் தொழிலாளர்க்கான பொதுப் பதிவேடும், பூச்சிமருந்துத் தாக்கம், ஜீப் விபத்து முதலியவற்றைப் பகிர்ந்தறியும் முறையும் தேவை. முல்லைப் பெரியாற்று நீரைக் குறித்து இரு மாநிலங்களும் நெடுங்காலம் வழக்காடி வந்துள்ளன. அதே மலைப்பாதைகளில் நாள்தோறும் செல்லும் உழைப்பாளர் நலன் குறித்துப் பேசுவதற்கு எந்த வழக்கும் தடையாக இல்லை.

8. முடிவுரை

மேகமலை மக்களுக்கான சட்டங்கள் இல்லை என்று கூற இயலாது. தொழிலாளர் சட்டம், வனச் சட்டம், உள்ளாட்சிச் சட்டம், பொதுச்சுகாதாரத் திட்டம் என ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் பொருளுடையன. ஒன்றின் எல்லை முடியும் இடத்தில் மற்றொன்று தொடங்காமையே சிக்கலுக்குக் காரணம். வேலையில் இருக்கும்வரை தோட்டம் பொறுப்பு; ஓய்வுபெற்றபின் அரசு பொறுப்பு; அரசின் நிலையம் வரவோ வனத்தின் இசைவு வேண்டும்; இசைவைக் கோரும் சபையோ பேரூராட்சியில் இல்லை. பள்ளத்தாக்குத் தொழிலாளியின் நிலையில் இவற்றோடு மாநில எல்லையும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே, மலைத்தோட்டப் பகுதிகளின் நலவாழ்வை ஆராய்வோர் நோய்க்கணக்கோடு நிற்காமல், நில வகைப்பாடு, குடியிருப்பு உரிமை, சாலை, சோதனைச்சாவடி, உள்ளாட்சி நிலை ஆகியவற்றையும் தரவுகளாகக் கொள்ள வேண்டியுள்ளது. வால்பாறை, கூடலூர், ஏற்காடு முதலிய பிற மலைப்பகுதிகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வதற்கு இடமுண்டு. கொழுந்து பறித்து ஓய்ந்த ஒருவர் தம் முதுமையில் எந்த மருத்துவரிடம், எத்தனை மணி நேரத்தில், எந்த உரிமையோடு செல்ல முடிகிறது என்பதே மேகமலையைப் பொறுத்தவரை நலவாழ்வுக் கொள்கையின் வெற்றியை அளக்கும் பொருத்தமான அளவுகோலாகும்.